எல்லாம் ஃப்ரீதானே

பாகூர்
12.8.2024

மகா அப்பாவுக்கு,

கல்பனா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருந்தால் நான் ஏன் அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்?

‘நீங்கள்’ என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். கை வரவில்லை, கிழித்துப் போட்டேன். கோபம் தீருகிற வரைக்கும் நீதான்.

போன் செய்தால் உன்னால் பேச முடியாது. ஆபரேஷனில் பாதி நாக்கை எடுத்த பிறகு நீ சொல்வது எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்த்தால்தான் எனக்கே புரிகிறது. உன்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் தமிழ் அடிக்க வராது. வீட்டில் உள்ள ஒரே பெரிய போன் மகாவுடையது. நம் சண்டையை அதில் போட்டால் பெண் படித்துவிடுவாள். அதனால் தபால்.

அன்றைக்கு என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் கரண்ட் வைக்கிற இடத்தில் உன்னை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாத்திரை வாங்க வரிசைக்குப் போனேன். திரும்பி வந்தால் நீ இல்லை. பாத்ரூமில் பார்த்தேன். டீக்கடையில் பார்த்தேன். வாட்ச்மேனைக் கையெடுத்துக் கும்பிட்டு ஆம்பளை வார்டு முழுக்கத் தேடச் சொன்னேன். எங்கேயாவது மயங்கி விழுந்துவிட்டாய் என்றே நினைத்தேன். நீயோ பஸ் ஏறி ஒதியம்பட்டுக்குப் போய் நம் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாய்!

ஏன் என்று கேட்டதற்குச் சிலேட்டில் ‘இனி போகமாட்டேன்’ என்று எழுதிக் காட்டினாய். அவ்வளவுதான் பதில். ஒரு வாரம் கெஞ்சினேன். டாக்டரம்மா முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார்கள்: “ஆபரேஷன் பண்ணது பாதி வைத்தியம்தாம்மா. கரண்ட் வைக்கிறத நடுவுல விட்டா, வெட்டுனது அத்தனையும் வீண்.” நீயும் தலையை ஆட்டினாய்.

நீ சாவதற்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்க மாட்டேன். நீ மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டுப் படி ஏறுவேன். மகா என்னோடுதான் இருக்கிறாள். இங்கிருந்தே காலேஜுக்குப் போய் வருகிறாள்.

கல்பனா


ஒதியம்பட்டு
17.8.2024

கல்பனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நேற்று வீராம்பட்டினம் தேர். போனவர்கள் இன்னும் திரும்பவில்லை, தெருவே காலி. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எழுத்து ஓடாது, டிராக்டர்தான் ஓடும். பொறுத்துக்கொள்.

கடைசி வரி எழுதியிருக்கிறாயே, ‘இங்கிருந்தே காலேஜுக்குப் போய் வருகிறாள்’ என்று. அதை எழுதும்போது உன் கை கூசவில்லையா?

நீ மாத்திரை வரிசைக்குப் போனாய். வாய் வெந்துபோய் எச்சில் விழுங்க முடியவில்லை. இளநீர் குடித்தால் எரிச்சல் அடங்கும் என்று கேட்டுக்கு வெளியே போனேன். எதிரில் ஜோஸ்பின் மெஸ் இருக்கிறது இல்லையா? அதன் வாசலில் குப்பைக் கூடையோடு ஒரு பெண் வந்தாள். சாப்பிட்ட இலைகளை அதில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறாள். முன்னால் துணி கட்டியிருக்கிறாள், சாம்பார் வடிகிறது. நம் மகாலட்சுமி.

அந்த நேரத்துக்கு அவள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நர்சிங் வகுப்பில் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தினம் கையைத் தூக்கிக் காட்டுவேனே, அந்தக் கையை வெட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. உள்ளேயிருந்து எவனோ கத்தினான், “ஏ பொண்ணே, மூணாவது டேபிள் தொடை!” அவள் ஓடினாள். என்னைப் பார்க்கவில்லை. கூப்பிடலாம் என்றால் என் வாயில் ‘மகா’ என்ற பெயர் வருமா? ‘ஆ’ என்றுதான் வரும். மாடு கத்துகிற மாதிரி.

அப்படியே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நீயும் அவளும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். பெண்ணின் படிப்பை விற்று எனக்குக் கரண்ட் வைக்கிறீர்கள். எனக்கு அந்த வைத்தியம் வேண்டாம். நான் எத்தனை வருஷம் இருந்துவிடப் போகிறேன்? வாய் போய்விட்டது. டிராக்டர்காரர் வேறு ஆள் பார்த்துவிட்டார். அவள் படித்தால் ஐம்பது வருஷம் சோறு சாப்பிடுவாள்.

அவளைக் காலேஜில் கொண்டுபோய் விடு. அதற்கு அப்புறம் எனக்கு எழுது. கஞ்சி கனகாம்பாள் அண்ணி கொடுக்கிறார்கள். நீ கவலைப்பட வேண்டாம்.

கலைவேந்தன்


பாகூர்
20.8.2024

மகா அப்பாவுக்கு,

படித்தேன். இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மா பயந்துபோய் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

பார்த்தவன் அங்கேயே என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கேட்டிருக்கலாமே. பெண்ணை விட்டு ஒளிந்து ஓடிவந்து, சுவரைப் பார்த்துப் படுத்து, அதற்குத் தியாகம் என்று பேர் வைத்திருக்கிறாய். நீ யாருக்கும் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓடினாய். அவ்வளவுதான்.

அவளை நான் நிறுத்தவில்லை. உனக்கு ஆபரேஷன் நடந்த மாதம் முழுக்க நான் வார்டில் உன் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன். சேதராப்பட்டு கம்பெனியில் சூப்பர்வைசர் போன் செய்தான்: “அக்கா, நாளைக்கு வரலனா பேரை எடுத்துடுவேன், எனக்கு மேல கேக்கறாங்க.” உன் மூக்கில் குழாய். அதில் மணிக்கு ஒரு தரம் பால் ஊற்றணும். நான் எப்படிப் போவேன்? பேரை எடுத்துவிட்டான். மாடு சினை, அதனால் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? இங்கே வந்து பார், கொட்டகை காலியாக இருக்கிறது. அதை விற்றுத்தான் உனக்கு ஸ்கேன் எடுத்தேன்.

நீ கேட்பாய், கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் எதற்குக் காசு என்று. நானும் அப்படித்தான் கேட்டேன். ஸ்கேனுக்கு உள்ளே தேதி கேட்டால் தீபாவளிக்கு அப்புறம் என்றார்கள். அதுவரைக்கும் உன் வாயில் இருப்பது பொறுத்துக்கொண்டு இருக்குமா? வெளியே எடுத்தேன். ஒரு ஊசி ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கினேன். வாந்தியும் குழாயுமாக உன்னை டவுன் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முகம் சுளிக்கிறான், ஆட்டோ வைத்தேன். குழாயில் ஊற்ற முட்டை, பால், அந்த சத்து மாவு. இதில் எதை எழுதி யாரிடம் கொடுத்தாலும் ஒரு பைசா வராது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கவுண்ட்டரில் இருந்தவனிடம் சொல்லிவிட்டேன். “சார், வீட்ல சாப்பாட்டுக்கே வழி இல்ல, இந்த ஊசியாவது இங்க குடுக்கக் கூடாதா?” தலையைத் தூக்காமலே சொன்னான், “ஆபரேஷன் ஃப்ரீ. பெட்டு ஃப்ரீ. டாக்டர் ஃப்ரீ. எல்லாம் ஃப்ரீதானேம்மா, அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?”

எனக்குப் பின்னால் மகா நின்றிருந்தாள். அவள் கேட்டுவிட்டாள். அதுதான் நடந்தது. மறுநாள் அவளாகவே போய் மெஸ்ஸில் சேர்ந்துவிட்டாள். நான் தெரிந்து அடிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், “அப்பா போயிட்டா நான் படிச்சு யாருக்கும்மா ஊசி போடப் போறேன்?” இதற்கு நீ பதில் சொல்.

நீ செத்தால் அது மட்டும் ஃப்ரீ என்று நினைத்துவிட்டாயா? அதற்கும் நாங்கள்தான் கொடுக்கணும். வாழ்நாள் முழுக்க ‘நான் படிச்சிருந்தா அப்பா இருந்திருப்பாரு’ என்று அவள் ஒரு பக்கமும், ‘நான் வரிசைக்குப் போகாம இருந்திருந்தா’ என்று நான் ஒரு பக்கமும்.

உன் ஆத்திரத்தை எங்கள் மேல் காட்டுகிறாய். உன் அண்ணன் சிங்காரவேலு கடை வாசலில் சரம் சரமாகப் புகையிலைப் பொட்டலம் தொங்குகிறதே, அங்கே போய்க் காட்டேன். தடை பண்ணின சரக்கு. பதினைந்து வருஷம் உனக்கு எடுத்துக் கொடுத்த கை அதுதான். ஆபரேஷன் அன்றைக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நாக்கை வெட்டின ஆளுக்கு ஆப்பிள்!

கல்பனா


ஒதியம்பட்டு
29.8.2024

கல்பனாவுக்கு,

மாடு விற்றது தெரியாது. சொல்லியிருக்கலாம். இல்லை, சொல்லியிருந்தால் அப்போதே ஓடியிருப்பேன். நீ சொல்லாததும் சரிதான்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாள் அண்ணன் கடை வழியாகவே போகவில்லை. நான்காம் நாள் போனேன். சாயங்கால வியாபாரம். கரும்பு வெட்டும் ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். மண்ணாடிப்பட்டு பக்கம் வெட்டுக்கு வந்த வெளியூர் ஆட்கள், என்னைத் தெரியாது. ஒருத்தன், “அண்ணே, ரெண்டு பொட்டலம் குடு” என்று கையை நீட்டினான். அண்ணன் சரத்தில் கை வைத்தார். நான் நடுவில் போய் நின்று வாயை மூடிக் கட்டியிருந்த துணியை எடுத்துவிட்டு வாயைத் திறந்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? திறந்து அப்படியே வைத்திருந்தேன். நாக்கு இருந்த இடத்தில் தொடைச் சதையை வைத்துத் தைத்திருக்கிறார்கள் இல்லையா, கரண்ட் வைத்து அதைச் சுற்றி வெந்திருக்கிறது. எச்சில் ஒழுகியது. அவன் “ஐயோ, இன்னாண்ணே இது” என்று பின்னால் போனான். கொடுத்த காசைக்கூட வாங்கவில்லை.

அண்ணன் எகிறினார். “இன்னாடா, வியாபார நேரத்துல வந்து நாடகம் ஆடுற? உன் வாயத் தொறந்து நானா போட்டேன்? நான் விக்கலனா எதிர்க்கடைல விப்பான். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு முழு நாக்கு இருந்திருந்தால் அன்றைக்கு அந்தத் தெரு நாறியிருக்கும். “வி…ஆத” என்றேன். விக்காத என்று அர்த்தம். அவருக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது. கனகாம்பாள் அண்ணி உள்ளேயிருந்து வந்து சரத்தை அறுத்துச் சாக்கடையில் போட்டார்கள். “தினம் இவனுக்குக் கஞ்சி வடிக்கிறது நானு. நாளைக்கு நம்ம பையனுக்கும் இதே கஞ்சிய என்னால வடிக்க முடியாது” என்றார்கள். அண்ணன் அன்றைக்கு விற்பதை நிறுத்தினார்.

சந்தோஷப்படாதே. இரண்டு நாள்தான். இப்போது அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்து விற்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு வாங்கி மேஜையில் வைத்தார், “பாக்கறோம், போ” என்றார். நான் தினம் சாயங்காலம் கடைக்கு எதிரில் போய் உட்காருகிறேன். துணி போடுவதில்லை.

இன்னொன்று. மரியசுந்தரம் வந்தார். கரண்ட் வைக்கிற இடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்ச், கன்னத்தில் ஓட்டையோடு வருவாரே, கொத்தனார். சர்ச்சில் வேலை பார்க்கும் கோவில் பிள்ளை ஒருவரின் வண்டியில் ஏறி, ஊரெல்லாம் விசாரித்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் திட்டுகிறார். “இன்னாபா நீ, ஒன் எடத்துல வேற ஒருத்தன் ஒக்காந்துக்கறான். அவன் எனக்குப் புடிக்கல. எழுந்து வா.” சிரித்தால் அவருக்குக் கன்னம் வழியாகக் காற்று போகிறது. அப்படியும் சிரித்தார்.

நான் சிலேட்டில் மகா விஷயத்தை எழுதிக் காட்டினேன். அவர் சம்சாரம் செலின் மேரிக்கும் இதே கதைதானாம். அந்த அம்மா வீட்டு வேலைக்குப் போகிற இரண்டு வீட்டிலும், இப்படி லீவு போட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மா உன்னோடு பேசணும் என்கிறார்கள். உங்கம்மா வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறேன்.

என் பேச்சில் மாற்றம் இல்லை. மகா காலேஜ் போனால் நான் ஆஸ்பத்திரி போகிறேன். முதலில் அவள்.

கலைவேந்தன்


பாகூர்
4.9.2024

மகா அப்பாவுக்கு,

நீ கடைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “நல்லா பண்ணான்” என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னை அவள் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

செலின் மேரி அக்கா ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து நேரே இங்கே வந்துவிட்டார்கள். காபி குடிக்கும் முன்பே விஷயத்துக்கு வந்தார்கள். “ரெண்டு ஆம்பளைங்க ஒரே பெஞ்சுல ஒக்காந்திருக்காங்க. அதுக்கு ரெண்டு பொம்பளைங்க எதுக்கு வேலைய விட்டுட்டு நிக்கணும்? நீ மூணு நாள் பாரு, ரெண்டு பேரையும். நான் வேலைக்குப் போறேன். அடுத்த மூணு நாள் நான் பாக்கறேன், நீ போ.” இத்தனை நாள் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோமே, யாருக்கும் தோன்றவில்லையே! தோன்ற விடவில்லை. அந்த வரிசையில் நிற்கிற யாருக்கும் தன் டோக்கனைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தெம்பு இருப்பதில்லை.

கம்பெனியில் மறுபடி கெஞ்சிப் பார்த்தேன். கான்ட்ராக்டில் வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு வாங்கியதைவிடக் குறைவு. அதிலும் எனக்குக் கோபம்தான். போவேன்.

காலேஜுக்கும் போனேன். மகா வர மாட்டேன் என்றாள். நீ மெஸ் வாசலில் அவளைப் பார்த்த விஷயத்தைச் சொன்னேன். “இலை எடுக்கறப்பவா பாத்தாரு?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பிரின்சிபால் கறாரான அம்மா. இந்த வருஷ பீஸ் கட்டியிருக்கிறது, அதனால் உட்கார விடுகிறேன் என்றார்கள். ஆனால் பத்தொன்பதாம் தேதி டெஸ்ட்டை எழுதியாகணும். எழுதாவிட்டால் அடுத்த வருஷம் ஜூனியர்களோடு முதலிலிருந்து. மகா தலையை ஆட்டினாள். திங்கட்கிழமையிலிருந்து போகிறாள். நிஜமாகவே போகிறாள். நானே கொண்டுபோய் விட்டு, வகுப்புக்குள் போனதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உன் நிபந்தனை முடிந்தது. இப்போது நீ போ. முதல் மூன்று நாள் செலின் மேரி அக்கா முறை.

கல்பனா


ஒதியம்பட்டு
14.9.2024

கல்பனாவுக்கு,

போனேன். உன் கடிதம் வந்த மறுநாளே போனேன். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். “எங்க போனீங்க? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒங்க வீட்டுக்கு ரெண்டு தடவ போன் பண்ணச் சொன்னேன்.” எனக்கு நல்ல திட்டு. கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். வலது பக்கம் ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. திட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் தேவலை.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் வந்திருக்கிறது. விட்ட இடைவெளியில் வந்ததா, முன்பே இருந்ததா என்று கேட்டு சிலேட்டைக் காட்டினேன். “அத இப்ப கேட்டு என்ன பண்ணப் போறீங்க? வெட்டி எடுக்கலாம். எடுத்துட்டு, திரும்பவும் கரண்ட்டு, இந்தத் தடவ மருந்தும் சேத்து. கஷ்டமா இருக்கும். நல்லா ஆயிடும்னு எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா வழி இருக்கு” என்றார்கள். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. ஏமாற்றவில்லை.

செலின் மேரி அக்கா வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதார்கள். மரியசுந்தரம் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது கல்பனா. அன்றைக்கு ஜோஸ்பின் மெஸ்ஸுக்குள் போய் அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வாய் வராவிட்டால் என்ன? சிலேட்டு பையில்தான் இருந்தது.

ஆனால் ஓடப் போவதில்லை. சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆபரேஷன் வரும் பத்தொன்பதாம் தேதி காலை. அது மகாவுக்கு டெஸ்ட் நாள். டாக்டரம்மாவிடம் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அடுத்த தேதிக்கு ரொம்ப நாள் ஆகும், தள்ளினால் பரவும் என்றார்கள். வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அண்ணன் வருகிறேன் என்றார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

நீ வா. மகாவிடம் சொல்லாதே. டெஸ்ட் முடிந்து சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். அவள் இந்த ஒரு நாளும் எனக்காகத் தோற்கக் கூடாது.

கலைவேந்தன்


பாகூர்
17.9.2024

மகா அப்பாவுக்கு,

இதைச் செலின் மேரி அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்கு நேரம் இல்லை.

மகாவிடம் சொல்லிவிட்டேன். உன் பேச்சைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நான் மாட்டை மறைத்தேன், அவள் மெஸ்ஸை மறைத்தாள், நீ பார்த்ததை மறைத்தாய். மறைத்து மறைத்துத்தான் உன் கழுத்து வரைக்கும் வந்திருக்கிறது. இனி இந்த வீட்டில் யாரும் யாருக்கும் நல்லது செய்கிறேன் என்று எதையும் மறைக்கக் கூடாது.

அவள் அழுதாள். பையைத் தூக்கி எறிந்தாள். “டெஸ்ட் மண்ணாங்கட்டி, நான் அப்பாகூடத்தான் இருப்பேன்” என்று கத்தினாள். நானும் கத்தினேன். அம்மா நடுவில் வந்து இருவரையும் திட்டினாள். சாயங்காலம் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நான் எழுதலனா அவரு மறுபடியும் ஓடிடுவாரு இல்ல?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப எழுதறேன். முடிச்ச ஒடனே ஓடி வந்துடுவேன். கண்ணு முழிக்கறப்ப நான் அங்க இருப்பேன்னு சொல்லு.” சொல்லிவிட்டேன். இப்போது உட்கார்ந்து எலும்புகளின் பெயரைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள். கழுத்து எலும்பு வரும்போது மட்டும் குரல் இறங்குகிறது. அடுத்ததில் மறுபடி ஏறிவிடுகிறது.

நாளைக்கே கிளம்பி வருகிறேன். கையெழுத்து நான்தான் போடுவேன். அந்த கவுண்ட்டரில் அதே ஆள் இருந்தால், இந்தத் தடவை ஊசி எங்கே என்று உரக்கக் கேட்பேன். எனக்குப் பின்னால் நிற்கிறவர்களையும் கேட்கச் சொல்வேன். செலின் மேரி அக்கா தானும் வருகிறேன் என்றிருக்கிறார்கள். தள்ளிப் போகச் சொன்னால் போக மாட்டோம்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டு வந்து நிற்கிறாய். அதை நான் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது. உன்னோடு போட வேண்டிய சண்டை இன்னும் நிறைய இருக்கிறது. அதற்கு நீ எனக்கு உயிரோடு வேண்டும்.

கல்பனா